நவாபு வாங்கிய கடன்

தமிழில் 'கடன்காரன்' என்று ஒரு சொல் இருக்கிறது. "வாசலில் கடன்காரன் வந்து நிற்கிறான்" என்றால் பணம் கொடுத்தவன் நிற்கிறான் என்று அர்த்தம். "அவன் ஊரெல்லாம் கடன்காரன்" என்றால் பணம் வாங்கியவன் என்று அர்த்தம். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒரே பெயர். அப்படியிருந்தும் நாம் யாரும் தடுமாறுவதில்லை. குரலைக் கேட்டாலே தெரிந்துபோகும். தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவர் கொடுத்தவர். "கொஞ்சம் உள்ளே வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்" என்கிறவர் வாங்கியவர்.

இந்த இருவரையும் தவிர மூன்றாவது ஆசாமி ஒருவன் உண்டு. அவன் கொடுத்தவனும் அல்ல, வாங்கியவனும் அல்ல. ஆனால் கட்டியவன் அவன்தான். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏர் பிடித்த குடியானவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் கட்டியது ஆற்காட்டு நவாபு வாங்கிய கடன்.

திருவண்ணாமலை என்றதும் நமக்குக் கார்த்திகைத் தீபமும் கிரிவலமும் ரமணாசிரமமும் நினைவுக்கு வரும். ராணுவத் தளபதிகளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மைசூர்ப் பக்கத்திலிருந்து கீழே இறங்கும் செங்கம் கணவாய் இங்கிருந்து கிட்டத்தில் இருக்கிறது. கணவாயைக் காக்க வேண்டுமென்றால் திருவண்ணாமலை கையில் இருக்க வேண்டும். பெரிய மதில் சூழ்ந்த கோயில் அவர்கள் கண்ணுக்குக் கோட்டையாகத் தெரிந்தது. 1753இல் முர்தசா அலியும் முராரி ராவும் முற்றுகையிட்டார்கள். 1757இல் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1767 செப்டம்பர் 26ஆம் தேதி ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித் ஒரு பக்கமாக இங்கே பெரிய போர் நடந்தது. 1790-91இல் திப்பு வந்தார். அண்ணாமலையார் இத்தனை பேரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தப் போர்களுக்கெல்லாம் செலவு ஆகியிருக்குமே, அதை யார் கொடுத்தார்கள் என்று நாம் படித்த சரித்திரப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. வாளை உருவியவர் பெயர் இருக்கும். வாளுக்கு விலை கொடுத்தவன் பெயர் இருக்காது.

அதைச் சொல்வதற்கு முன்னால், கடன் வசூல் பற்றி இந்த மண்ணில் இருந்த பழைய எண்ணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே, அதிக தூரமில்லாத இடத்தில், திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனாரின் கல்யாணத்தை ஒரு கிழப் பிராமணர் வந்து நிறுத்திய கதை எல்லோருக்கும் தெரிந்தது. "உன் பாட்டன் எனக்கு அடிமையோலை எழுதிக் கொடுத்திருக்கிறான், நீ என் ஆள்" என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம். ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. "நீ கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்கிறார். ஊர்ச் சபை கூடுகிறது. பாட்டன் எழுதிய வேறொரு ஓலையைக் கொண்டுவந்து கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். சாட்சிகளின் ஒப்பத்தைச் சரிபார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பக்திக் கதையாகத்தான் எழுதினார். எனக்கு இதில் உள்ள கோர்ட்டு நடைமுறை பிடித்திருக்கிறது. கேட்கிறவர் சாட்சாத் பரமேசுவரனே ஆனாலும் ஓலையைக் காட்டித்தான் ஆக வேண்டும். பாட்டன் பட்ட கடன் பேரனைப் பிடிக்கும் என்பதை அந்தச் சபை ஆட்சேபிக்கவில்லை. அது அந்தக் காலத்து நியாயம். ஆனால் ஓலை பொய்யாக இருக்கலாம் என்பதையும் அவர்கள் மறந்துவிடவில்லை.

இன்னொரு பழைய வழக்கத்தை வெளியூர்க்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் ஆண்ட கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்து வியாபாரி அவர். பல தடவை தவணை சொல்லி ஏமாற்றுகிறவனைச் சுற்றிக் கடன் கொடுத்தவன் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், பணத்தையோ பிணையையோ கொடுக்காமல் அவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதாம். அன்னிய தேசத்து வியாபாரி ஒருவனுக்குப் பாக்கி வைத்திருந்த ராஜாவையே, குதிரைமேல் போகும்போது, குதிரையோடு சேர்த்து இப்படி வளைத்துக் கோடு போட்டதைத் தாமே கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். ராஜா பணம் வருகிற வரை அசையாமல் நின்றாராம். மார்க்கோ போலோ சொன்னதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் இதை நம்ப எனக்கு ஆசையாக இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நவாபைச் சுற்றி அப்படி யாரும் வட்டம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

முகம்மது அலி வாலாஜா 1749இல் தகப்பனார் அன்வருத்தீன் ஆம்பூர்ப் போரில் இறந்த பிறகு நவாபு பட்டத்துக்கு உரிமை கொண்டாடினார். எதிரிக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. இவருக்கு ஆங்கிலக் கும்பினி துணை. கும்பினி தர்மத்துக்குச் சண்டை போடவில்லை. இவருக்காகச் செய்த யுத்தச் செலவை இவர் கணக்கிலேயே எழுதியது. அந்தப் பில்லைக் கட்டப் பணம் வேண்டும். நவாபு அதற்காகக் கடன் வாங்கினார். யாரிடம்? அதே கும்பினியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களிடம். எஜமானுக்குப் பாக்கி, அதைத் தீர்க்க எஜமானுடைய குமாஸ்தாவிடம் கைமாற்று. இந்த வேடிக்கையை நம் ஊர் வட்டிக் கடைக்காரர்கள்கூட நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வட்டி நூற்றுக்கு 20, 25 என்று போயிற்று. பிறகு மேலிடத்து உத்தரவினால் 10 ஆகக் குறைந்தது. 1767இல் ஒரு தொகுப்புக் கடன், 8,80,000 பவுன். 1777இல் குதிரைப்படைக்குச் சம்பளப் பாக்கி தீர்ப்பதற்கென்று ஒரு கடன், 1,60,000 பவுன். அதே வருஷத்தில் இன்னொரு தொகுப்புக் கடன், 24,00,000 பவுன். இதில் கையில் எண்ணிக் கொடுத்த பணம் எவ்வளவு, வட்டிக்கு வட்டி எவ்வளவு, நவாபின் தயவுக்காகச் சும்மா எழுதிக் கொடுத்த பத்திரம் எவ்வளவு என்பது ஈசுவரனுக்குத்தான் வெளிச்சம். நவாபோ ஆற்காட்டை விட்டுச் சென்னைப் பட்டணத்துச் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக்கொண்டு, கடற்காற்று வாங்கியபடி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கையெழுத்துக்குப் பிணை என்ன? நகையல்ல, வீடல்ல. வரி வசூல். இன்ன சீமையின் இன்ன வருஷத்து வரி இன்னாருக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தச் சீட்டு சவுக்காரிடம் போகும். சவுக்கார் ஜாமீன் நிற்பார், அதற்கு ஒரு வட்டி. சீமையைக் குத்தகை எடுத்தவர் சவுக்காருக்குக் கட்டுப்பட்டவர், அவருக்கு ஒரு லாபம். அவருக்குக் கீழே அமுல்தார், மணியக்காரர், கணக்குப்பிள்ளை, தலையாரி. இத்தனை பேரும் நின்ற படிக்கட்டின் கடைசிப் படியில் களத்து மேட்டில் நின்றவன் குடியானவன். களத்தில் அம்பாரம் கூட்டிய நெல்லுக்கு முத்திரை போட்டுவிடுவார்கள். சர்க்கார் பங்கு போன பிறகுதான் மீதியை அவன் தொடலாம். மீதி இருந்தால்.

அந்தக் குடியானவனுக்குப் பட்டணத்தில் நவாபு யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று தெரியாது. ஓலையும் தெரியாது, சாட்சியும் தெரியாது. "இந்த வருஷம் அதிகமாகக் கேட்கிறார்கள்" என்பது மட்டும்தான் தெரியும்.

கடன் கொடுத்தவர்களில் பால் பென்பீல்டு என்ற ஒருவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கும்பினியில் சின்ன உத்தியோகஸ்தர், வருஷத்துக்குச் சில நூறு பவுன் சம்பளம். 1773இல் நவாபு கும்பினிப் படையின் உதவியோடு தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். சீமையிலிருந்த டைரக்டர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல, 1776இல் கவர்னர் பிகட்டு பிரபு தஞ்சை மன்னரிடம் ஒப்படைத்தார். உடனே பென்பீல்டு எழுந்தார். தஞ்சாவூர் வரியின்மேல் தமக்கு 1,62,000 பவுன் சீட்டு இருக்கிறது. குடிகளுக்குக் கொடுத்த 72,000 பவுனுக்கு நிற்கிற பயிரே ஈடு என்றார். சில நூறு பவுன் சம்பளக்காரருக்கு இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று சபையில் கேள்வி எழுந்தது. ஆதாரம் போதாது என்று முதலில் தள்ளினார்கள். பிறகு சபையில் பெரும்பான்மையோர் மனம் மாறினார்கள். அந்த மன மாற்றத்துக்கு எந்தத் தேவதை காரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிகட்டு பிரபு வளைந்து கொடுக்கவில்லை. 1776 ஆகஸ்டு 24ஆம் தேதி கவர்னரையே கைது செய்து பரங்கிமலைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். காவலில் இருந்தபடியே 1777 மே மாதம் அவர் இறந்துபோனார். கடன்காரர்கள் கவர்னரையே சிறை வைத்த கதை உலக சரித்திரத்தில் வேறெங்கும் இருக்கிறதா என்று யாராவது தேடிப் பார்க்கலாம். பின்னால் லண்டனில் விசாரணை நடந்தது. சபை அங்கத்தினர் நால்வருக்குத் தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம். அவர்களுக்கு அது வெற்றிலைச் செலவு.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் புகை. பயிர் போயிற்று, மாடு போயிற்று, ஏரிக்கரை போயிற்று. பின்னாலேயே பஞ்சம் வந்தது. 1782இல் பட்டணத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார்கள்; மணியக்காரர் சத்திரம் என்று பின்னால் பேர் பெற்றது அதுதான்.

நாடு இப்படிக் கிடந்தபோதும் வட்டி நிற்கவில்லை. மெக்கார்ட்டினி பிரபு கவர்னராக வந்து, 1781 டிசம்பரில் நவாபின் வரி வசூலையெல்லாம் கும்பினி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டார். நவாபின் செலவுக்கு ஆறில் ஒரு பங்கு. கடன் கொடுத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. வசூல் நவாபு கையில் இருந்தால்தான் அவர்கள் கையில் இருந்ததாக ஆகும். சீமையில் ஆள் பிடித்தார்கள். பார்லிமெண்டில் இவர்களுடைய ஆட்களே சிலர் அங்கத்தினராக உட்கார்ந்திருந்தார்கள். 1784இல் கடன்களை விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஹென்றி டண்டாஸ் என்ற மந்திரி, விசாரணையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மூன்று கடனையும் அப்படியே ஒப்புக்கொண்டு, வருஷத்துக்கு 12 லட்சம் வராகன் கர்நாடகத்து வரியிலிருந்து ஒதுக்குவது என்று முடித்துவிட்டார். வசூலை நவாபிடமே திருப்பிக் கொடுக்கவும் உத்தரவு வந்தது. மெக்கார்ட்டினி ராஜிநாமா செய்துவிட்டுக் கப்பலேறினார்.

1785 பிப்ரவரி 28ஆம் தேதி எட்மண்டு பர்க் பார்லிமெண்டில் எழுந்து பேசினார். நமக்காக அன்னிய தேசத்துச் சபையில் ஒருவர் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஏரி உடைந்த சீமையின் வரியை வட்டிக் கடைக்காரர்களுக்குப் பங்கிடுகிறீர்களே, கடன் உண்மையா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பேச்சு அபாரம். ஓட்டு எடுத்தார்கள். இவர் பக்கம் 69, எதிர்ப்பக்கம் 164.

ஓலையைக் காட்டாமலே பணம் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன நடக்கும்? ஓலைகள் பெருகும். 1795இல் முகம்மது அலி இறந்தார். 1801இல் அவர் மகனும் இறந்த சமயம் பார்த்துக் கும்பினி கர்நாடகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. "நவாபு எங்களுக்கும் பாக்கி" என்று கூட்டம் கூடிவிட்டது. 1785இல் தீர்மானமான கடன்களைச் சேர்க்காமலே மூன்று கோடி பவுனுக்கு மேல் கேட்டார்கள்! இந்தத் தடவை கும்பினி புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது, தன் பணம் அல்லவா. 1805இல் ஒரு கமிஷன் வைத்து ஒவ்வொரு பத்திரமாகப் பார்க்கச் சொன்னது. 1830 வரை, 25 வருஷம் பார்த்தார்கள். நின்றது 27 லட்சம் பவுனுக்கும் குறைவு. பதினொரு ரூபாய் கேட்டால் ஒரு ரூபாய்கூட முழுசாக நிற்கவில்லை. மூல ஓலையைக் கேட்டவுடன் பத்து ரூபாய் ஓடிப்போயிற்று. இதே கேள்வியை 1785இல் கேட்டிருந்தால், நாற்பது போகம் நெல்லில் எத்தனை மூட்டை திருவண்ணாமலைக் களங்களிலேயே தங்கியிருக்கும்?

கும்பினி ஆட்சிக்கு வந்த பிறகாவது குடியானவன் நிம்மதியாக இருந்தானா என்றால், அதுவும் இல்லை. இப்போது கடன் கும்பினிக்கு, அதாவது வரிப் பாக்கி. 1854இல் பார்லிமெண்டில் கேள்வி எழுந்து, சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட கமிஷனை நியமித்தார்கள். நூற்றுக்கணக்கான மைல் நடந்து பட்டணத்துக்கு வந்து ஜனங்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். மகசூல் இல்லை, தவணை தவறிவிட்டது என்பதுதான் முக்கால்வாசிப் பேர் செய்த குற்றம்.

அந்த அறிக்கையில் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. கிட்டி: இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, வளைந்தபடியே வெயிலில் நிறுத்தி வைப்பது, சில சமயம் முதுகில் ஒரு கல்லும் ஏற்றுவது. சாப்பிட விடாமல், இயற்கை உபாதைக்குப் போக விடாமல் கச்சேரி வாசலில் உட்கார்த்தி வைப்பது இவற்றையெல்லாம்விடச் சாதாரணம். நம்முடைய மொழி லண்டன் அச்சில் ஏறிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

இதைச் செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. நம்மவர்கள்தான். தாசில்தார் கச்சேரிச் சேவகர்கள், ஊர்த் தலையாரிகள். மேலேயிருந்து "தொகை வர வேண்டும்" என்று மட்டும் உத்தரவு வரும்; எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள். கமிஷன் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் வேறு. வரி வாங்குகிறவனும் போலீசும் ஒரே ஆள். அடித்தவனிடமே போய் "என்னை அடித்தார்கள்" என்று பிராது கொடுக்க வேண்டும். 1855இல் அறிக்கை வெளிவந்தது. 1859இல் போலீசைத் தனி இலாகாவாக்கிச் சட்டம் வந்தது. இன்று நாம் காக்கி உடையில் பார்க்கிற போலீசின் ஜாதகத்தில் குடியானவனுடைய நெரிந்த விரலும் இருக்கிறது.

பிறகு வந்த சட்டங்களில் கொஞ்சம் கருணை தெரிகிறது. 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி ஜப்திக்கு வருகிற அமீனா சமையல் பாத்திரத்தையும், படுக்கையையும், உழவனுடைய மாட்டையும், விதை நெல்லையும், தாலியையும் தொடக் கூடாது. 1938இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகளின் பழைய கடன்களுக்கு வட்டியைத் தள்ளிச் சட்டம் செய்தது. கட்ட வழியில்லாதவனை, வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் போடக் கூடாது என்று 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். 2003இல் கந்து வட்டித் தடைச் சட்டம். 2025இல், கடன் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழக சட்டசபையில் இன்னொன்று. சட்டங்களுக்குக் குறைவில்லை.

இன்றும் தவணை தவறினால் ஆள் வருகிறான். மோட்டார் சைக்கிளில் வருகிறான், அல்லது கைப்பேசிக்குள் வருகிறான். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கைப்பேசி அடிக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். வாங்கியவரை விட்டுவிட்டு அவருடைய மாமனாருக்கும் ஆபீஸ் மேலாளருக்கும் பேசுகிறார்கள். கொடுக்காத, வாங்காத அந்த மூன்றாவது ஆசாமிக்கு. பதறிப்போய்த் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்கிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். வந்தவனுடைய அடையாளச் சீட்டையும், அவனை அனுப்பிய நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தையும் பாருங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கடனே இல்லை என்று சொல்வதற்காக அல்ல. வாங்கியதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிற தொகைதான் வாங்கிய தொகையா என்று பார்க்கிற உரிமை பாட்டன் ஓலைக்கே இருந்திருக்கிறது.

பென்பீல்டு என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபிப்பார்கள். லண்டனில் வியாபாரத்தில் இறங்கினார், முறிந்தது. 1810இல் பாரிஸ் நகரத்தில் கையில் காசில்லாமல் இறந்தார். நவாபின் வம்சம் இன்னும் கொஞ்ச காலம் பென்ஷனில் இருந்தது. சித்திரவதைக் கமிஷன் அறிக்கை கொடுத்த அதே 1855இல், அக்டோபர் மாதம், கடைசி நவாபு குலாம் கௌஸ்கான் வாரிசில்லாமல் காலமானார். பாக்கிக்காகச் சேப்பாக்கம் மாளிகை ஏலத்துக்கு வந்தது. சர்க்காரே வாங்கிக்கொண்டது. பின்னால் அந்த மாளிகையில்தான் ராஜதானி முழுவதற்கும் நிலவரி வசூலை நிர்வகித்த ரெவினியூ போர்டு வந்து உட்கார்ந்தது.